மூணு ஓலையும் ஒரு ஃப்ளோட்டும்

ஜனவரி 10, சனி

நாளைக்குப் பூசையில எனக்கும் டென்சிலுக்கும் முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குச்சாமிகிட்ட வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல சத்தமா வாசிப்பாங்க. மூணும் முடிஞ்சாத்தான் தாலி. அம்மா காலையில இருந்தே அழுதுகிட்டு இருக்காங்க. சந்தோஷத்துலயாம்.

எனக்கு அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை. மூணு மாசத்துக்கு முன்னாடி அத்தை கொண்டுவந்த சம்பந்தம் இது. மாப்பிள்ளை குவைத்துல இருந்து திரும்பி வந்து இங்க துறைமுகத்துல கிரேன் ரிப்பேர் பாக்காரு, குடி கிடையாது, வீண் பேச்சு கிடையாதுன்னு அத்தை அடுக்கினாங்க. குடி இல்லாதது சரி. பேச்சே இல்லாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பொண்ணு பாக்க வந்தப்ப அவரு என்கிட்ட பேசினது மொத்தமே "காப்பி நல்லா இருக்கு"ங்கிறதுதான். போட்டது அம்மா. அப்பா "நல்ல இடம்"னாங்க, நானும் தலையாட்டினேன். மறுக்கிறதுக்கு ஒரு காரணமும் கிடைக்கலை.

கோயில் வெப்சைட்டை நான்தான் பாத்துக்கிடுதேன். ஆபீஸ்லயும் எனக்கு இதே வேலைங்கிறதால ஃபாதர் அமலன் நைசா என் தலையில கட்டிட்டாங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுங்களும் பாக்கட்டும்னு இந்த வருஷம் ஓலையைப் போட்டோவோட வெப்சைட்லயும் போடச் சொன்னாங்க. மாப்பிள்ளை படம், பக்கத்துல பொண்ணு படம், அதை ஒட்டி எழுத்து. மாதிரிக்கு ஏதோ பத்து வரி எழுதி வச்சுப் பாத்தேன், அம்சமா இருந்துச்சு. பேரும் படமும் ஏத்துறது உபதேசியார் சந்தியாகு மாமாவோட சோலி. இந்த வாரம் எங்களோட சேத்து மூணு ஜோடி. எங்களுது நடுவுல.

டெய்லர் ப்ளவுஸ் கையை இறுக்கித் தச்சிருக்காரு. கையைத் தூக்கினா கிழியும். திங்கக்கிழமை போய் ரெண்டுல ஒண்ணு பாக்கணும்.

ஜனவரி 11, ஞாயிறு

மானம் போச்சு.

பூசை முடிஞ்சு வெளிய வந்து செருப்புக்கூட மாட்டலை, அன்சிலா ஓடி வாறா. முதல் ஜோடியில அவதான் பொண்ணு. "ஹில்டாக்கா, உங்க மாப்பிள்ளை ஏன் என் பக்கத்துல நிக்காரு?"

போனை வாங்கிப் பாத்தா, ஐயோ! முதல் வரிசையில அன்சிலாவும் டென்சிலும் ஜோடியா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டாவது வரிசையில நானு. என் பக்கத்துல மூணாவது வீட்டு மாப்பிள்ளை, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு. கடைசி வரிசையில அந்த வீட்டுப் பொண்ணு பாவம், தனியா. பேரெல்லாம் இடுக்குல நசுங்கிக் கெடக்கு.

நடந்தது இதுதான். அன்சிலாவுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை கப்பல்ல இருக்காரு. அவரு அம்மா கண்ணு பட்டுரும்னு போட்டோ தர மாட்டேன்னுட்டாங்க. அதனால முதல் ஜோடிக்குப் பொண்ணு படம் மட்டும். அதோட உபதேசியார் மாமா எழுதினது ரெண்டே வரி. நான் வச்சுப் பாத்தது பத்து வரி.

இந்த ஃப்ளோட்டுன்னு ஒரு கட்டளை இருக்கே, அது படத்தை ஓரமா ஒதுக்கி, எழுத்தை அதுக்குப் பக்கத்துல ஓடவிடும். ஆனா அப்படி ஒதுக்கின படத்தை அது இருக்கிற பெட்டி கணக்குலயே எடுத்துக்கிடாது. எழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் தன் உயரம்னு சுருங்கிக்கிடும். எழுத்து நீளமா இருந்தா தெரியாது. ரெண்டு வரின்னா அடுத்த ஜோடி விறுவிறுன்னு மேல ஏறி வந்து, பஸ்ல காலி சீட்டைக் கண்ட மாதிரி பக்கத்துல உக்காந்துரும். டென்சில் அப்படித்தான் போய் உக்காந்துட்டாரு.

இந்தக் காலத்துல எவளாவது ஃப்ளோட்டை வச்சுப் பக்கம் கட்டுவாளான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. கோயில் வெப்சைட் எவரோ எந்தக் காலத்துலயோ கட்டினது. ஒண்ணை உருவினா ஒன்பது விழுது.

சாப்பிட்டதும் உக்காந்து சரி பண்ணிட்டேன். ஒவ்வொரு ஜோடிக்கு அடியிலயும் ஒரு வெத்துப் பெட்டி வச்சு, 'க்ளியர்'னு ஒரு கட்டளை. இதுக்கு மேல யாரும் ஏறப்படாது, கீழே இருந்து ஆரம்பிங்கன்னு அர்த்தம். அவங்கவங்க ஜோடியோட போய்ச் சேந்தாங்க.

சாயங்காலம் டென்சில் போன் பண்ணினாரு. "ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் எனக்கு எத்தனை கல்யாணம்னு கேக்காங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிக்கத் தெரியுது. மத்தபடி விசேஷமா எழுத ஒண்ணும் இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

எங்க ஓலைக்குத் தடை வந்திருக்கு.

அன்சிலாவோட சித்தப்பா ரேமண்ட் குவைத்துல இருக்காரு. பக்கம் உடைஞ்சு கெடந்தப்ப எவனோ ஒரு புண்ணியவான் முதல் வரிசையை மட்டும் படம் பிடிச்சு அவருக்கு அனுப்பியிருக்கான். தன் அண்ணன் மக பக்கத்துல டென்சிலைப் பாத்ததும் மனுசன் ஃபாதருக்குப் போன் போட்டுக் குதிச்சிருக்காரு. "இவனை எனக்குத் தெரியும் சாமி. போன வருஷம் எங்க கேம்புலதான் இருந்தான். ஊர்ல ஒரு பொண்ணு இருக்கு, கட்டினா அவளைத்தான் கட்டுவேன்னு போட்டோவை வச்சுக்கிட்டு எங்க உசுரை எடுத்தவன். இப்போ எங்க பிள்ளையைக் கட்ட வாறானா?"

அது அன்சிலா மாப்பிள்ளை இல்லைன்னு ஃபாதர் எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்காங்க, அவரு நம்பலை. சரி, அது கிடக்கட்டும். எங்க சம்பந்தம் பேசினதே மூணு மாசத்துக்கு முன்னாடிதான். இந்த ஆளு குவைத்துல கதை அளந்தது அதுக்கும் முன்னாடி. அப்போ அந்தப் பொண்ணு யாரு?

அம்மா மறுபடியும் அழுதாங்க. இந்தத் தடவை சந்தோஷத்துல இல்லை.

ஜனவரி 14, புதன்

ஃபாதர் ரூம்ல ரெண்டு வீட்டையும் உக்கார வச்சு விசாரணை. ஃபாதர் நேராவே கேட்டாங்க. "டென்சில், குவைத்துல அப்படிச் சொன்னியா?"

இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுவாருன்னு நான் நினைச்சேன். அவரு காதெல்லாம் சிவந்துபோய், "சொன்னேன் ஃபாதர். நிஜந்தான்"ங்காரு.

"யாரு அந்தப் பொண்ணு?"

"அதை ஹில்டாகிட்டதான் சொல்லணும். தனியா."

அப்பா எந்திரிச்சிட்டாங்க. "என் மககிட்ட தனியா என்னவே சொல்லப் போறீரு? சொல்லுததை இங்கன சொல்லும்!"

அந்த ஆளு அவங்க அம்மாவைப் பாத்தாரு, எங்க அப்பாவைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு, வாயை மூடிக்கிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில இருந்த ஜெபமாலையை எடுத்து அடிச்சிருப்பேன். ஜெபமாலைங்கிறதால விட்டேன்.

ரேமண்ட் சித்தப்பாவுக்கு அந்தப் பொண்ணு பேரு தெரியாதாம், முகத்தைப் பாத்தா அடையாளம் சொல்லுவாராம். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் ஓலை முடிஞ்சதும் வீடியோவுல கூப்பிட்டு, முதல்ல யாருக்கு யாரு ஜோடின்னு வெப்சைட்டைக் காட்டுவோம், பொறவு மத்ததைப் பேசுவோம், எதுன்னாலும் மூணாம் ஓலைக்கு முன்னாடி தீரணும்னு ஃபாதர் முடிச்சாங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தண்ணியைக் குடிச்சுட்டு, "ஏட்டி, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே நிறுத்திருதேன்"னாங்க. மூணு மாசமாத் தேடின காரணம் கையில வந்து விழுந்திருக்கு.

"வெப்சைட் எல்லா போன்லயும் சரியாத் தெரியுதான்னு பாக்கணும்ப்பா. அதை முடிச்சுட்டுச் சொல்லுதேன்"னேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அந்த ஆளு போன் பண்ணினாரு, எடுக்கலை. மறுபடியும் பண்ணினாரு, அப்பவும் எடுக்கலை. சர்க்கரைப் பொங்கல்ல நான் உப்பை அள்ளிப் போட்டுட்டேன்னு அம்மா ஏசுதாங்க.

ஜனவரி 16, வெள்ளி

இன்னைக்குப் போன் வரலை. அதுக்குப் பதிலா படமா வருது. கோயில் வெப்சைட் ஓலைப் பக்கம், ஒர்க்‌ஷாப்புல இருக்கிற ஒவ்வொரு ஆளு போன்லயும் திறந்து பாத்து எடுத்தது. கிரேன் டிரைவர் போன், வாட்ச்மேன் போன், கண்ணாடி உடைஞ்ச ஒரு போன், கேன்டீன் அக்காவோட பட்டன் தேஞ்ச போன். ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் எந்தப் போன்னு மட்டும் எழுதியிருக்கு. வேற ஒரு வார்த்தை இல்லை, ஒரு சாரி கூட இல்லை.

எல்லாத்துலயும் பக்கம் சரியாத்தான் தெரியுது. எங்க ஆபீஸ்ல சோதனை பாக்கதுக்குன்னே சம்பளம் வாங்குற பையன் இவ்வளவு ஒழுங்காப் பாக்க மாட்டான். இதுக்காகவெல்லாம் எனக்குக் கோவம் குறைஞ்சுரும்னு நினைச்சா அது நடக்காது.

டெய்லர் மறுபடியும் இறுக்கமாவே தச்சு வச்சிருக்காரு. அவருக்கு வேண்டிய மட்டும் கொடுத்துட்டு வந்தேன். எதிர்க்கடைக்காரர் வெளிய வந்து எட்டிப் பாத்தாரு.

ஜனவரி 17, சனி

சாயங்காலம் மறுபடியும் ஒரு படம் அனுப்பியிருக்காரு. திறக்கலை. எவளோ ஒருத்தியை நினைச்சுக்கிட்டு இருந்த ஆளு அனுப்புறதை எல்லாம் நான் எதுக்குப் பாக்கணும்? அவ எப்படி இருப்பா? நல்ல நிறமா இருப்பாளோ? இருந்துட்டுப் போறா.

ஜனவரி 18, ஞாயிறு

ரெண்டாம் ஓலை வாசிச்சாங்க. அப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுது.

ஃபாதர் ரூம்ல எல்லாரும் கூடியாச்சு. அன்சிலா வீடும் வந்துட்டாங்க. வீடியோவுல ரேமண்ட் சித்தப்பா, பெரிய மீசை. ஃபாதர் ரொம்பத் தெம்பா, "போன வாரம் படம் மாறிப்போச்சு ரேமண்ட். இப்போ சரி பண்ணியாச்சு. நீங்களே உங்க இன்னொரு போன்ல திறந்து பாருங்க"ன்னாங்க. நானும் ஓரமா, கேமராவுல படாம, நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அவரு திறந்தாரு. மீசை துடிச்சுச்சு. "என்ன சாமி விளையாடுதீங்களா? இன்னும் எங்க பிள்ளை பக்கத்துலதானே நிக்கான்!" அதோட லைன் கட். கீழ இறக்கிக்கூடப் பாக்கலை.

பக்கம் மறுபடியும் உடைஞ்சு கெடக்கு. நான் அதே கூலிங்கிளாஸ் பக்கத்துல. அன்சிலாவோட அம்மா, "ஒரு வாரமா என்னதான் பாத்த நீ?"ன்னு என்னைக் கேட்டாங்க. அப்போ டென்சில், அந்த ஊமைக்கோட்டான், முன்னால வந்து, "அவங்க மேல தப்பில்லைங்க. வெள்ளிக்கிழமை எல்லா போன்லயும் சரியா இருந்துச்சு, நான் பாத்தேன். பொறவு யாரோ கை வச்சிருக்காங்க"ன்னாரு.

வீட்டுக்கு வந்து அவரு நேத்து அனுப்பினதைத் திறந்தேன். உடைஞ்ச பக்கத்தோட படம். அடியில, "ஹில்டா, மறுபடியும் மாறிருச்சு. மத்தியானம் வரைக்கும் சரியா இருந்தது." நேத்தே பாத்திருந்தா சரி பண்ணியிருப்பேன். வீம்பு பிடிச்ச கழுதைன்னு அம்மா என்னைத் திட்டுறது சும்மா இல்லை.

ஜனவரி 19, திங்கள்

கை வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சாட்சாத் நம்ம உபதேசியார் மாமா.

ஆபீஸுக்குப் போற வழியில கோயிலுக்குப் போய்க் கேட்டேன். "மாமா, சனிக்கிழமை ஓலைப் பக்கத்துல என்ன பண்ணினீங்க?"

"முதல் ஓலைன்னு இருந்ததை ரெண்டாம் ஓலைன்னு மாத்தினேன்மா. அப்புறம் ஒவ்வொரு ஜோடிக்கு அடியிலயும் ஒரு காலி வரி சும்மா கெடந்துச்சு. எடுத்துட்டேன்."

சொன்னப்ப முகத்துல என்ன பெருமை! இத்தனை வருஷமா பங்குச் செய்திமடல் அடிக்கிறது அவருதான். திருவிழா, நன்கொடை, ஞானஸ்நானம், அடக்கப்பூசை எல்லாத்தையும் ஒரே தாள்ல அடைச்சு அடைச்சு, காலி இடத்தைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்கும். நான் உசுரைக் கொடுத்து வச்ச வெத்துப் பெட்டியை வழிச்சு எறிஞ்சுட்டாரு.

"அந்தக் காலி வரிதான் மாமா எங்க கல்யாணத்தைத் தாங்கிக்கிட்டு இருந்துச்சு!"ன்னு நான் கத்தினதுல கோயில் புறா எல்லாம் பறந்துருச்சு. அவரு பயந்துபோய், "ஒண்ணுமில்லாத வரியாம்மா தாங்கிச்சு?"ன்னு கேக்காரு. சிரிப்பு வந்துருச்சு, அடக்க முடியலை. ரெண்டு பேரும் படிக்கட்டுல உக்காந்து சிரிச்சோம்.

அவரையும் சொல்லிக் குத்தமில்லை. யாரு கண்ணுக்கும் குப்பையாத் தெரியுற ஒண்ணை நம்பி நான் கட்டியிருக்கப்படாது. லீவு சொல்லிட்டு அங்கனையே லேப்டாப்பைத் திறந்தேன். இந்தத் தடவை வெத்துப் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு ஜோடி இருக்கிற பெட்டிக்குமே கட்டளை கொடுத்துட்டேன்: உன் உள்ள ஒதுங்கி நிக்கிற படத்தையும் சேத்துத்தான் உன் உயரம், அடுத்தவங்களை உள்ள விடாதே. அது ஸ்டைல் ஃபைல்ல இருக்கு. உபதேசியார் மாமா கை அங்க எட்டாது.

"இப்போ எதை வேணும்னாலும் அழிங்க மாமா"ன்னேன். கண்ணெல்லாம் மின்ன உக்காந்தாரு. காலி வரியைத் தேடினாரு, கிடைக்கலை. என் பேரை அழிச்சாரு. கூலிங்கிளாஸ்காரரோட ரெண்டு வரியையும் அழிச்சாரு. அசையலை, அவங்கவங்க ஜோடி அவங்கவங்க இடத்துல. அழிச்சதை எல்லாம் திரும்ப அடிச்சுக் கொடுத்துட்டு, "உன் மாப்பிள்ளை நல்ல பையன்மா"ன்னாரு. நான் ஒண்ணும் கேக்கலையே.

ஜனவரி 21, புதன்

எல்லா போன்லயும் சரியான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கன்னு டென்சிலுக்கு அனுப்பினேன். வேலை விஷயம்தான். அரை மணிக்குள்ள பத்துப் பதினஞ்சு படம் வந்து குவிஞ்சுருச்சு. பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கும் ஓடியிருப்பாரு போல. துறைமுகத்துல இன்னைக்கு ஏதாவது கிரேன் ஓடிச்சான்னே தெரியலை.

அப்பா மறுபடியும் கேட்டாங்க, என்ன முடிவு பண்ணியிருக்கன்னு. சனிக்கிழமை ஃபாதர் மறுபடியும் எல்லாரையும் கூட்டியிருக்காங்க, அங்க ரேமண்ட் சித்தப்பா முகத்துக்கு நேரா கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாம எனக்கு மண்டை வெடிச்சுரும். அவதான் வேணும்னா, டென்சில் அவளையே கட்டிக்கிடட்டும். நான் ஒண்ணும் அழ மாட்டேன். வெங்காயம் உரிக்கும்போது கண்ணு கலங்குறது எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஜனவரி 24, சனி

இன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுதணும்.

மறுபடியும் அதே ரூம், அதே ஆளுங்க. அப்பா, இது சரிவரலைன்னா கல்யாணம் இல்லைன்னு அத்தனை பேருக்கும் நானே சொல்லிக்கிடுதேன்னு முடிவோட வந்திருந்தாங்க. ரேமண்ட் சித்தப்பாவை அன்சிலா கெஞ்சிக் கூத்தாடி லைனுக்குக் கொண்டுவந்தா. ஃபாதர் இந்தத் தடவை ஜாக்கிரதையா, "ஹில்டா, நீயே சொல்லுமா"ன்னுட்டாங்க. போன் ஃபாதர் பக்கமே திரும்பி இருந்துச்சு, நான் ஓரமா நின்னு சொன்னேன்.

"சித்தப்பா, பக்கத்தைத் திறங்க. முதல்ல அன்சிலா படம் மட்டும் தனியா இருக்கா?"

"இருக்கு. எங்க அந்தப் பய?"

"கீழ இறக்குங்க. அடுத்த ஜோடி."

அவரு விரலால தள்ளினாரு. போனைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோனாரு. ஃபாதரும் குனிஞ்சு பாத்தாங்க. மீசை மெள்ள விரியுது.

"அடப்பாவி, இந்தப் பொண்ணுதானே!"

"எந்தப் பொண்ணு?"ன்னு அப்பா.

"இவன் பக்கத்துல இருக்கே, இந்தப் பொண்ணுதான்! இந்த முகத்தை வச்சுக்கிட்டுத்தானே வருஷம் பூரா எங்க உசுரை எடுத்தான். பாட்டுக் குழுவுல நின்னுக்கிட்டு ஆஆன்னு வாயைத் திறந்திருக்கும். நம்ம கோயில் வெப்சைட்ல இருந்து எடுத்ததுன்னு சொன்னான். ஏல டென்சில், கடைசியில அதையே பிடிச்சிட்டியால!"

டென்சிலைப் பாத்தேன். அவரு ஃபாதர் ரூம்ல இருக்கிற காலண்டர்ல தேதி பாத்துக்கிட்டு இருந்தாரு.

"லீவுல வந்திருந்தேன்"னாரு, காலண்டர்கிட்ட. "திருவிழாவுல பாட்டு நடுவுல மைக் நின்னுபோச்சு. இவங்க மேடையில இருந்து இறங்கி வந்து, மைக்செட்காரனை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, அவனை வச்சே ஒயரை மாட்ட வச்சு, மறுபடியும் மேல ஏறி விட்ட இடத்துல இருந்து பாடினாங்க. அதுல விழுந்தவன்தான். அம்மாகிட்ட சொல்லி, அத்தையைப் பிடிச்சு, எல்லாம் தானா வந்த சம்பந்தம் மாதிரி இருக்கட்டும்னு..." அவங்க அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காங்க.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?"ன்னு நான் கத்தினேன்.

"உங்க அப்பா இருந்தாங்களே"ன்னாரு பாவமா. அப்பா மோட்டுவளையைப் பாத்தாங்க.

எனக்குக் கோவமா, சிரிப்பா, அழுகையா, ஒண்ணும் பிடிபடலை. அந்தப் பாட்டுக் குழுப் படத்துல நான் எவ்வளவு கேவலமா இருப்பேன்னு எனக்குத் தெரியும். நானே எடுத்துப் போட்ட படம்தான். அதை ஒரு மனுசன் கடல் தாண்டிக் கொண்டுபோய், கேம்பு முழுக்கக் காட்டி, என்னைக் கேக்காமலே என்னைக் கட்டுவேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. என்ன தைரியம்! இதை எழுதும்போதே முகம் சுடுது.

ஃபாதர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினாங்க. "தடைன்னு ஒண்ணு வந்துட்டதால நான் முறைப்படி கேக்கணும். ஹில்டா, டென்சிலைக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?"

அத்தை கேட்டது அப்பாகிட்ட, அப்பா கேட்டது அம்மாகிட்ட. என்னை யாரும் கேள்வியாக் கேக்கலை, தலையை ஆட்டச் சொன்னாங்க, ஆட்டினேன். சம்மதமான்னு இப்பத்தான் முதல் தடவையா கேக்காங்க. டென்சில் காலண்டரை விட்டுட்டு என்னையே பாக்காரு. பயந்து போயிருக்காரு, நிஜமாவே.

"சம்மதம் ஃபாதர்"னேன். கொஞ்சம் சத்தமாவே வந்துருச்சு. வராந்தாவுல நின்ன உபதேசியார் மாமா கை தட்டினாரு. குவைத்துல இருந்தும் கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. பாத்தா ரேமண்ட் சித்தப்பா பின்னால கேம்பே நிக்குது.

ஜனவரி 25, ஞாயிறு

மூணாம் ஓலை. "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்"னு ஃபாதர் வாசிச்சு நிறுத்தினதும், நான் பெஞ்சுல இருந்து திரும்பி, முன்வரிசையில இருந்து வாசல் வரைக்கும் ஒரு முறை முறைச்சேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலை.